அணி எப்போது பொய்யாகிறது?

"ஆயிரந் தடவை சொல்லிவிட்டேன், கேட்கிறாயில்லை" என்று தாய் மகனைக் கடிந்துகொள்கிறாள். அவள் சொன்னது நாலைந்து தடவையாக இருக்கலாம். அதற்காக அவளை எவரும் பொய் சொல்பவள் என்பதில்லை. பெண்ணின் முகத்தைச் சந்திரன் என்று புலவன் பாடினால், வானத்தை அண்ணாந்து பார்த்துச் சரிபிழை காண்பாரும் இல்லை. ஆகவே, உள்ளதை உள்ளபடி சொல்லாத பேச்செல்லாம் பொய்யாகிவிடாது என்பது தெளிவு. அப்படியாயின் அணி எங்கே முடிகிறது? பொய் எங்கே தொடங்குகிறது? இது இலக்கிய வகுப்பறைக்கு மட்டும் உரிய கேள்வியன்று. மனித உயிர்கள் இக்கேள்வியில் தங்கியிருந்த காலங்கள் உண்டு.

பொய்யை எவ்வகையிலும் அனுமதிக்க மறுத்தவர் புனித அகுஸ்தீனார். அவரே கி. பி. 420 அளவில் பொய்க்கு எதிராக எழுதிய நூலில், உருவகமாகப் பேசுவதைப் பொய்யென்று கொள்ளலாகாது என்கிறார். கொண்டால் உவமைகள் யாவும் பொய்யென்றாகிவிடும் என்பது அவர் வாதம். அணியாகச் சொல்லப்பட்டது, தான் சுட்டுகின்ற பொருளுக்காகவே சொல்லப்படுகிறது. கேட்பவனும் அப்பொருளையே தேடுகிறான். சிலப்பதிகாரத்தில், கோவலனும் கண்ணகியும் மதுரையை அணுகும்போது மதிற்கொடிகள் "வராதீர்" என மறித்துக் கைகாட்டுவனபோல் அசைகின்றன. இது தற்குறிப்பேற்ற அணி. கொடிகள் பேசா என்பது இளங்கோவுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆயினும் அந்த நகரில் காத்திருக்கும் கொடுமையை வேறெவ்வாறு சொன்னாலும் இத்துணை உண்மையாகச் சொல்லியிருக்க முடியாது. இங்கே அணி உண்மையைத் திறந்து காட்டுகிறது.

மறைப்பதற்காகவே அமைந்த சொல்வழக்குகளும் உள்ளன. நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாக வகுத்தார். சபையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் இவ்வகை. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போல. இவை நாகரிகத்தின் அடையாளங்கள். மரணவீட்டிற்குச் சென்று "எப்போது செத்தார்?" என்று கேட்பவனை நாம் உண்மை விளம்பி என்று போற்றுவதில்லை. துஞ்சினார் என்ற சொல்லைக் கேட்டு, அவர் நாளை எழும்புவார் என்று ஏமாறுவாரும் இல்லை. எல்லாருக்கும் பொருள் தெரியும். துயருற்றவரின் மனம் மட்டும் நோகாமற் காக்கப்படுகிறது.

இந்த நல்ல கருவிகளே தீய கைகளில் அகப்பட்டதையும் வரலாறு காட்டுகிறது. 1942 ஜனவரி 20ஆம் திகதி பேர்லினில், வான்சே ஏரிக்கரை மாளிகையொன்றில் நாற்சி ஆட்சியின் உயர் அலுவலர் பதினைவர் கூடினர். ஐரோப்பிய யூதரைக் கொன்றொழிக்கும் வேலையை ஒழுங்குபடுத்துவதே நோக்கம். ஆனால் கூட்டக் குறிப்பில் இருந்தவையோ "இறுதித் தீர்வு", "கிழக்கு நோக்கி அகற்றல்" போன்ற சொற்கள். அக்குறிப்பைத் தயாரித்த ஐக்மன், 1961இல் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்டபோது, கூட்டத்தில் கொலை பற்றி வெளிப்படையாகவே பேசப்பட்டது என்று கூறினான். வாய் சொன்னதைத் தாள் சொல்லவில்லை. மங்கல வழக்கு இங்கே கொலைஞரின் உடுப்பாயிற்று.

1994இல் றுவாண்டாவில் ஏறக்குறைய நூறு நாட்களில் எட்டு லட்சம் அளவிலான மக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் துற்சி இனத்தவர். அதற்கு முன்பிருந்தே ஒரு வானொலியும் ஒரு பத்திரிகையும் அவர்களைக் கரப்பான் பூச்சிகள் என்று அழைத்துவந்தன. கொலைக்கு இடப்பட்ட பெயர் "வேலை". முன்னது உருவகம், பின்னது குழூஉக்குறி. மனிதனைக் கொல்லத் தயங்கும் கை பூச்சியை நசுக்கத் தயங்குவதில்லை. 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயமொன்று அந்த வானொலியை நிறுவியவர் இருவரையும் பத்திரிகை ஆசிரியரையும் குற்றவாளிகளாகக் கண்டது. 2007இல் மேன்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டு, தண்டனை குறைக்கப்பட்டதாயினும் அவர்கள் விடுவிக்கப்படவில்லை. அந்நாட்டவருட் பெரும்பான்மையோர் அன்று கத்தோலிக்கராய் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. திருப்பலி கண்ட காதுகளே அந்த வானொலியையும் கேட்டன.

நமது நாட்டுக்கு வருவோம். "காணாமற் போனோர்" என்று எழுதியும் பேசியும் பழகிவிட்டோம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் பெயரிலும் அச்சொல்லே உள்ளது. போதல் என்பது போனவரின் தொழில். ஆடு பட்டிக்குத் திரும்பாமற் போயிற்று என்பதுபோல, இவர்களும் தாமாக எங்கோ போய்விட்டார்கள் என்ற தொனி அதில் உண்டு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார் அதனை ஏற்கவில்லை. தம் பிள்ளைகள் "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்றே அவர்கள் வற்புறுத்தினர். செயப்பாட்டுவினை வந்ததும் "யாரால்?" என்ற வினாவும் கூடவே வருகிறது. எத்தரப்பு செய்திருந்தாலும் அவ்வினாவுக்கு விடை சொல்லியாகவேண்டும். இலக்கணம் பயின்ற நாம் காணத் தவறிய வேறுபாட்டை, அந்தத் தாய்மார் தம் துயரத்தால் கண்டுகொண்டார்கள்.

அப்படியானால் இதமான சொற்களையெல்லாம் கைவிட்டுவிடுவதா? வேண்டியதில்லை. நோயாளியின் படுக்கையருகே மெல்லப் பேசுவது அன்பின் கடமை. ஆனால் ஒரு சொல்லைக் கையாளுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். கேட்பவருக்கு உண்மைப் பொருள் விளங்குமா? இச்சொல் காப்பாற்றுவது துன்பப்பட்டவரையா, துன்பம் செய்தவரையா? முதலாவதற்கு "விளங்கும்" என்றும், இரண்டாவதற்கு "துன்பப்பட்டவரை" என்றும் மனச்சாட்சி விடை சொன்னால் அது அணி. அல்லாவிடில், இலக்கண நூல் அதற்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும், அது பொய்யே.

தண்டியலங்காரம் பொருளணிகளை முப்பத்தைந்தாக எண்ணுகிறது. அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது உவமையன்று, உருவகமுமன்று, தன்மையணி. ஒரு பொருளை அதன் இயல்பு விளங்க, உள்ளபடி சொல்வதே தன்மையணி. அதனையும் ஓர் அணியாகக் கொண்டு, முதலிடமும் தந்த நம் முன்னோரின் அறிவு வியக்கத்தக்கது. வாசகர்களே, இந்த வாரம் ஒருவரைப் பற்றியோ ஓர் இனத்தைப் பற்றியோ வழக்கமான ஒரு பட்டப்பெயர் நம் நாவில் வரும்போது, சற்று நிறுத்தி, அவரை அவர் பெயரால் அழைத்துப் பார்ப்போம். பத்திரிகை நடத்துகின்ற எமக்கும் அந்தக் கடமை உண்டு.