மனநிறைவு எதற்குச் சான்று?

பல்கலைக்கழக நூலகங்களில் பணிபுரியும் ஆண், பெண் இருபாலாரிடமும் வினாத்தாளைக் கொடுத்து, ‘உங்கள் பணி உங்களுக்கு நிறைவளிக்கிறதா?’ என்று கேட்டறிவது ஆய்வாளர் வழக்கம். விடைகளில் பெரிய வேறுபாடு காணப்படாவிடில், அங்கே பாகுபாடு இல்லையென நாம் முடிவுகட்டி விடுகிறோம். இம்முடிவு சரியா?

இப்பணிக்குள் பெண்கள் வந்த வழியைச் சற்று நோக்குவோம். 1877-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்ற ஜஸ்டின் வின்சர், அதே ஆண்டு இலண்டனில் கூடிய நூலகர் மாநாட்டில் அமெரிக்க நூலகங்களின் பெண் பணியாளரை வெகுவாகப் புகழ்ந்தார். புகழ்ச்சியின் ஒரு பகுதி இது: அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் அத்தகைய திறமையுள்ள ஆண்கள் கிடைக்கமாட்டார்கள்! 1887-இல் மெல்வில் டூயி கொலம்பியாக் கல்லூரியில் நூலகப் பள்ளியைத் தொடங்கியபோது, முதல் வகுப்பின் 20 மாணவருள் 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்ப்பதை விரும்பாத நிர்வாகம் வகுப்பறை தரவும் மறுத்தது. (கதவைத் திறந்த டூயியே பெண்களிடம் முறைகேடாக நடந்தார் என்பதும் ஒரு காரணமாக, 2019-இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது.) காலப்போக்கில் நூலகப் பணி பெரும்பாலும் பெண்களின் பணியாயிற்று. ஆயினும் 1970-களின் தொடக்கம்வரை அந்நாட்டின் பெரிய பல்கலைக்கழக நூலகங்களின் தலைமை நாற்காலியில் ஏறக்குறைய ஆண்களே அமர்ந்திருந்தனர். இன்றுதான் அந்நிலை மாறியிருக்கிறது.

குறைவாகப் பெற்றவர் குறைவாகவே நிறைவடைவர் என்று எதிர்பார்ப்போம். பொருளியலறிஞர் ஆண்ட்ரூ கிளார்க் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானது. பிரிட்டனில் பல துறை ஊழியர்களை ஒப்பிட்டபோது, குறைந்த ஊதியம் பெற்ற பெண்களே மிகுந்த நிறைவு தெரிவித்தனர். ஆனால் இளம்பெண்கள், உயர்கல்வி பெற்றவர்கள், ஆண்கள் மிகுந்த இடங்களில் பணிபுரிபவர்கள் ஆகியோரிடம் இந்த மிகுதி காணப்படவில்லை. எதிர்பார்ப்பு குறைவாயிருந்ததே அந்நிறைவுக்குக் காரணம் என்பது அவர் விளக்கம். பல்கலைக்கழக நூலகத்துக்கும் இது பொருந்துமென்றே நான் கருதுகிறேன்.

‘போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து’ என்கிறோம். ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும்போது அது மெய்யான மருந்துதான். பிறருக்குச் சம்பளம் நிர்ணயிப்பவர் அதை எடுத்துச் சொல்லும்போதுதான் ஐயம் எழுகிறது.

அதற்காக அப்பெண்களின் நிறைவைப் பொய்யென்று தள்ளுவதும் அநீதியே. தலைப்பைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் தயங்கி நிற்கும் மாணவனிடம் நாலு கேள்வி கேட்டு, அடுக்கிலிருந்து அவன் தேடும் நூலையே எடுத்துக் கொடுக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி எந்த ஊதியப் பட்டியலிலும் அடங்காது. அது ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அம்மகிழ்ச்சி அவர்களுக்கே உரியது. அதைக் காட்டிப் பதவி உயர்வை மறுக்க நிர்வாகத்துக்கு உரிமையில்லை.

ஆகவே வினாத்தாளில் இன்னொரு கேள்வியையும் சேர்க்கலாம். ஒரே தகுதியோடு, ஒரே ஆண்டில் பணியேற்ற ஓர் ஆணிடமும் ஒரு பெண்ணிடமும் கேட்போம்: ‘பணியில் சேர்ந்த அன்று, எந்தப் பதவிவரை உயர்வீர்கள் என்று நினைத்தீர்கள்?’