வேலை செய்யாத வருடங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் எங்கள் பிஎஃப் பாஸ்புக்குகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே கல்லூரி, ஒரே பேட்ச். 2011இல் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் பாஸ்புக்கில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை. அவளுடையதில் 2018 நடுவிலிருந்து 2021 நடுவரை ஒன்றுமே இல்லை.

"அப்போ மூணு வருஷம் நான் சும்மாவா இருந்தேன்?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. அந்த ஆறு மாதமும் அவளுக்குச் சம்பளம் வந்தது, பிஎஃப்பும் பிடித்தார்கள். சிக்கல் 27ஆவது வாரத்தில்தான். ஊரிலிருந்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. வேலையை விட்டாள். சம்பளமில்லா விடுப்பு போட்டிருந்தாலும் கதை இதேதான். சம்பளம் இல்லாத நாளுக்குப் பங்களிப்பு இல்லை, பங்களிப்பு இல்லாத நாள் ஓய்வூதியச் சேவையில் சேராது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் பிஎஃப் பிடிக்கும் கம்பெனி. ஊழியர் 1,800, கம்பெனி 1,800. கம்பெனி பங்கில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போக, மாதம் 2,350 கணக்கில் ஏறும். 36 மாதத்துக்கு 84,600. இப்போதைய 8.25 சதவீத வட்டியே தொடர்ந்தால், அவளுடைய 32 வயதில் இருந்திருக்க வேண்டிய அந்தப் பணம் 58 வயதில் ஆறரை லட்சத்தைத் தாண்டும். மாத ஓய்வூதியம் தனி. ஓய்வூதியச் சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்கிறார்கள். மூன்று வருடம் குறைந்தால் மாதம் 643 ரூபாய் குறையும், சாகும்வரை. பத்து வருடச் சேவையைத் தொடாமலே வேலையை விட்டு நின்றவர்களுக்கு மாத ஓய்வூதியமே கிடையாது.

"கட்டாத பணத்துக்கு யார் ஓய்வூதியம் தருவாங்க?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இதே திட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. 20 வருடச் சேவை முடித்து 58இல் ஓய்வு பெறுபவருக்கு 2 வருடம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அந்த 2 வருடத்தில் யாரும் வேலை செய்யவில்லை, யாரும் பணம் கட்டவுமில்லை. ஆக, வேலை செய்யாத வருடங்களைக் கணக்கில் சேர்க்க இந்தத் திட்டத்துக்குத் தெரியும். யாருக்குச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. விட்டுப் போகாமல் இருந்தவருக்கு என்று பதில் சொல்லியிருக்கிறோம். ஜெர்மனியின் அரசு ஓய்வூதியம் வேறு பதில் சொல்கிறது. 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், வளர்த்தவரின் கணக்கில் மூன்று வருடம் ஏற்றுகிறார்கள். அந்தப் பங்களிப்பை அரசு கட்டுகிறது.

"குழந்தை இல்லாதவன் ஏன் அதுக்கு வரி கட்டணும்?" இதுவும் அவன் கேட்டதுதான். ஓய்வூதியத் திட்டம் என் தனி உண்டியல் இல்லை, எல்லோருடைய பணமும் சேரும் பொது நிதி. அவனுக்கு எழுபது வயதாகும்போது அதில் பணம் கட்டிக்கொண்டிருக்கப்போவது இன்று யாரோ வளர்க்கும் பிள்ளைகள்தான்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது என் பாஸ்புக்தான். அந்த மூன்று வருடமும் நான் ஒருநாள்கூட வேலையை விடாமல் இருக்க முடிந்தது அவள் விட்டதால். யார் விடுவது என்று நாங்கள் பேசவே இல்லை. பேசத் தேவையில்லை என்று இருவருக்குமே தோன்றியிருக்கிறது. அதை அவளுடைய தேர்வு என்று இப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதத்திலிருந்து அவள் பெயரில் ஒரு பிபிஎஃப் கணக்கில் என் சம்பளத்திலிருந்து பணம் போடுகிறேன். சொன்னதும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"போடு, நல்லதுதான். ஆனா இது நீ குடுக்கிறது. அது எனக்கு வரவேண்டியது" என்றாள்.