பாக்கின் இசையும் பாடுபவரின் விசுவாசமும்

வழிபாட்டுக்கென எழுதப்பட்ட இசையை, அவ்வழிபாட்டுக்குரிய சமயத்தை ஏற்காத கலைஞர்கள், ஏற்காத அவையினர் முன்னிலையில், நுழைவுச்சீட்டு வாங்கி அமரும் அரங்கில் நிகழ்த்தும்போது அதன் சமயப் பொருள் என்னவாகிறது என்ற கேள்வி, கிறித்தவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவராகவே உள்ள ஜப்பானில், யோஹான் செபாஸ்டியன் பாக்கின் திருச்சபை இசையையே வாழ்நாள் பணியாகக் கொண்ட மசாகி சுஸுகியை முன்னிட்டு மிகக் கூர்மையாக எழுகிறது. 1954-இல் கோபே நகரில் பிறந்து, பன்னிரண்டு வயதிலேயே தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கத் தொடங்கிய அவர், டோக்கியோவிலும் பின்னர் ஆம்ஸ்டர்டாமில் டான் கோப்மனிடமும் பயின்று திரும்பி, 1990-இல் பாக் கொலேகியம் ஜப்பான் என்ற குழுவை நிறுவினார். அந்தந்த ஞாயிறுக்குரிய நற்செய்திப் பகுதியை ஒட்டித் தனிப்பாடலும் குழுப்பாடலும் வாத்திய இசையுமாக அமையும் ‘கான்டாட்டா’ என்னும் வடிவில் பாக் எழுதி எஞ்சியுள்ள ஏறத்தாழ 200 திருச்சபைப் படைப்புகளை, 1995 முதல் 2013 வரை 55 தொகுதிகளாக அக்குழு ஒலிப்பதிவு செய்து முடித்தது.

சுஸுகி சார்ந்திருக்கும் பழைய இசை இயக்கத்தின் அடிப்படைக் கொள்கை, ஒரு படைப்பை அது எழுதப்பட்ட காலத்தின் வாத்தியங்களையும் வாசிப்பு மரபையும் கொண்டே நிகழ்த்தவேண்டும் என்பதாகும். அதனால்தான் உலோகக் கம்பிக்குப் பதிலாகக் குடல் நரம்பும், இன்றைய 440 ஹெர்ட்ஸ் சுருதிக்குப் பதிலாக ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்ந்த 415 ஹெர்ட்ஸ் சுருதியும் அங்கே வழக்காயின. ஆனால் மூலச் சூழல் இவ்வளவு முக்கியமானதென்றால் நரம்போடு ஏன் நின்றுவிடவேண்டும் என்பதற்கு இவ்வியக்கம் பெரும்பாலும் விடை சொல்வதில்லை. பாக் பணியாற்றிய லைப்சிக்கில் கான்டாட்டாவைக் கேட்டவர்கள் அவையினர் அல்லர், பிரசங்கத்துக்குக் காத்திருந்த சபையார். அதில் இடம்பெறும் ‘கோரால்’ என்னும் லுத்தரன் சபைப்பாடலை மனப்பாடமாக அறிந்தவர்கள். (அதே ஜெர்மானியப் பாடல்கள் பல தரங்கம்பாடி மிஷனரிகளின் வழியே தமிழாகி ஞானப்பாட்டுகளாக இன்றும் பாடப்படுவதால், அவற்றைப் பாடி வளர்ந்த ஒரு தமிழ் லுத்தரன், இவ்வொரு வகையில், வியன்னாவின் தேர்ந்த இசை ரசிகரைவிட அச்சபையாருக்கு நெருக்கமானவர்.)

சமயப் பொருளை அறியாமல் இவ்விசையை நன்றாக நிகழ்த்த இயலாது என்பதை எளிதில் காட்டலாம். 1724-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று லைப்சிக்கில் முதலில் நிகழ்த்தப்பட்ட ‘யோவான் பாடுகள்’ என்ற படைப்பில், சிலுவையில் இயேசு இறுதியாகச் சொல்லும் சொல்லைத் தொடர்ந்து, முழங்கால்களுக்கிடையே பிடித்து வில்லால் வாசிக்கப்படும் வயோலா ட காம்பாவின் துணையுடன், தாழ்ந்த பெண்குரல் நிலையான ஆல்டோவில் மிக மெதுவான புலம்பல் ஒன்று வருகிறது. அது நடுவில் திடீரென முறிந்து, எல்லா நரம்பு வாத்தியங்களும் விரைந்து எழ, வெற்றி முழக்கமாக மாறி, அதே வேகத்தில் அறுந்து மீண்டும் புலம்பலுக்குத் திரும்புகிறது. சிலுவை மரணத்தையே மகிமையடையும் தருணமாக யோவானின் நற்செய்தி காண்கிறது என்பதை அறியாதவருக்கு அந்த நடுப்பகுதி வெறும் வேகமாற்றம். அறிந்தவருக்கோ, பாடலின் மையமே அதுதான்.

எனினும் அறிதல் வேறு, ஏற்றல் வேறு. சுஸுகி விசுவாசி, ஆனால் லுத்தரன் அல்லர், கால்வினின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். ஆராதனையில் வாத்தியங்களை விலக்கி, பெரும்பாலும் விவிலியச் சங்கீதங்களையே பாட அனுமதித்தவர் கால்வின் என்பதும், 1717 முதல் 1723 வரை கால்வினிய அரசவையான கோத்தனில் பணியாற்றிய பாக் அங்கே பெரும்பாலும் சமயச் சார்பற்ற வாத்திய இசையே எழுதினார் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கவை. நிகழ்த்துபவர் விசுவாசியாக இருந்தே தீரவேண்டும் என்ற கோரிக்கைக்கு லுத்தரன் இறையியலிலேயே ஆதாரம் குறைவு. தகுதியற்ற குருவானவர் வழங்கினாலும் திருச்சடங்குகள் பயனுள்ளவையே என்று 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை கூறுகிறது. விசுவாசம் கேள்வியினால் வரும் என்பது பவுலின் கூற்று. சொல்லின் வலிமை அதைச் சுமப்பவரின் உள்ளத்தைச் சார்ந்ததன்று என்றால், பாடகரின் அகத்தைச் சோதிக்க வேண்டியதில்லை. தம் நிகழ்ச்சிகள் முடிந்தபின் மக்கள் அருகே வந்து, ஜப்பானியச் சமூகத்தில் வெளிப்படையாகப் பேசப்படாத மரணத்தைப் பற்றியும், கிறித்தவர் கூறும் நம்பிக்கையின் பொருள் பற்றியும் வினவுவதாக சுஸுகி பேட்டியில் கூறியிருப்பதும் இதனோடு ஒத்துப்போகிறது.

ஆயினும் இவ்வாதம் அதே ‘யோவான் பாடுகள்’ படைப்பில் ஓரிடத்தில் தடுமாறுகிறது. அதில் யூதர்களின் பெயரால் ஆரவாரிக்கும் கூட்டப் பாடல்கள், வரலாறு அறிந்த எவரையும் உறுத்துபவை. சொல் தானாகவே செயல்படும் என்பவர் அச்சொற்களின் செயலுக்கும் பொறுப்பேற்கவேண்டும். பாக் அமைத்த வடிவத்தில் இதற்கொரு மறுமொழி உண்டு: விசாரணையில் இயேசு அறையப்பட்டவுடன், அடித்தவர் யார் என்று கேட்கும் கோரால் ஒன்று வந்து, அடுத்த சரணத்திலேயே ‘என் பாவங்களே’ என்ற பொருளில் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. லைப்சிக்கில் அந்தத் தன்மை ஒருமை சபையாருடையது. அவர்கள் பாடினாலும் பாடாவிட்டாலும் அது தங்களைக் குறிப்பதை அறிந்திருந்தார்கள். பாவம் என்ற கருத்தையே ஏற்காத பாடகர் அதை டோக்கியோவின் அரங்கில் பாடும்போது அந்த ‘நான்’ யாரென்பதை, குருவானவரின் தகுதி பற்றிய கோட்பாடு விளக்குவதில்லை. ஏனெனில் குருவானவர் பிறருக்கு வழங்குகிறார், கோராலோ வழங்குவதில்லை, ஒப்புக்கொள்கிறது.