தாமாரின் காயத்தை யார் பார்த்தார்கள்?



சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரம் நம் ஞாயிறு வாசகங்களில் வருவதில்லை. இன்று வீட்டுக்குப் போய் வாசியுங்கள். தாவீதின் மகள் தாமார், நோயாளியாக நடித்த அண்ணன் அம்னோனுக்குச் சமைத்துக் கொடுக்கப் போன இடத்தில் வன்கொடுமைக்கு ஆளாகிறாள். அவள் மறைக்கவில்லை. தலையில் சாம்பலைப் போட்டு, ஆடையைக் கிழித்துக்கொண்டு, கதறியபடியே போகிறாள். அவள் வாயை அடைத்தது உடன்பிறந்த அப்சலோம்: இப்போதைக்குப் பேசாதே, அவனும் உன் அண்ணன்தானே என்கிறான். தாவீது கோபப்பட்டார், அத்தோடு சரி. இரண்டு ஆண்டு கழித்து அப்சலோம் பழிவாங்கினான். ஆனால் தாமாரின் காயத்துக்கு யாராவது மருந்திட்டதாக அந்த அதிகாரம் முழுவதிலும் ஒரு சொல் இல்லை.

நம் வீடுகளில் இப்படி ஒரு வன்கொடுமை நடந்தால், முதல் சில மணி நேரம் எப்படிப் போகிறது? கதவைச் சாத்துகிறோம். வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பேசுகிறோம். தாய் மகளைக் குளிப்பாட்டி, துணியைத் துவைத்துப் போடுகிறாள். அன்பினால்தான் செய்கிறாள், ஆனால் தடயம் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. குளிப்பாட்டாமல், உடுத்திய துணியோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். குளித்துவிட்டாலும் போங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நாட்கள் கடந்துபோனாலும் சிகிச்சை உண்டு.

2013ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, பாதிக்கப்பட்டவருக்கு உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆர். எங்கே, போலீஸ் கடிதம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும். ஆனால் தடயப் பரிசோதனைக்கு அவள் சம்மதம் வேண்டும், அவள் வேண்டாம் என்றாலும் சிகிச்சை நிற்காது. இரு விரல் பரிசோதனை அறவே கூடாது. அதைச் செய்வது ஒழுங்கீனம் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும்.

நம் அருட்சகோதரிகள் நடத்தும் மருத்துவமனைகளுக்கும் இதே சட்டம்தான். "இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குப் போங்க" என்ற பேச்சு நம் வாசலில் கேட்கவே கூடாது. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போன குருவையும் லேவியரையும் பற்றி ஆண்டவர் சொன்னபோது, கோவில் பணியில் இருந்தவர்களையே அவர் சொன்னார் என்பது என்னை உறுத்துகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீங்கு செய்தவர் பங்குப் பேரவைக்காரராக இருக்கட்டும், குருவாகவே இருக்கட்டும், சமரசம் பேச என்னிடம் வராதீர்கள். முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். என்னைக் கூப்பிட்டால் கூட வருவேன்.

தடயத்துக்காக உடுத்திய துணியை வாங்கிக்கொள்வார்கள். மாற்றுடையில்லாமல் ஒரு பெண் நிற்க நேரக் கூடாது. மாதர் சங்கத்தார் சில புதிய உடைகளைப் பங்கு இல்லத்தில் வைத்திருங்கள். ஒவ்வொரு அன்பியத்திலும், நடுராத்திரியில் அழைத்தாலும் துணைக்குப் போகக்கூடிய இரண்டு பெண்களும், வண்டி எடுக்கக்கூடிய ஒருவரும் வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. இரண்டையும் அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். துணைக்குப் போக முன்வருகிறவர்கள் திருப்பலி முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.