முப்பது வயதைத் தாண்டிய பெண்களே, சோதனைக்குப் போங்கள்

இந்தியாவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆண்டுதோறும் 75,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பலியாகிறார்கள். முற்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்துத் தடுத்துவிடக்கூடிய நோய் இது. அப்படியிருந்தும் சாகிறார்கள் என்றால், அதில் நம் கூச்சத்துக்கும் அலட்சியத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

இந்த நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்கிற வைரஸ். உடலுறவால் பரவும். இதைக் கேட்டதுமே பெண்ணின் நடத்தையைச் சந்தேகிக்கிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சை முதலில் விடுங்கள். உடலுறவு வாழ்க்கையில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒருமுறை இது தொற்றத்தான் செய்யும். கணவனைத் தவிர யாரையும் அறியாதவளுக்கும் வரும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடம்பே விரட்டிவிடும். சிலரிடம் மட்டும், முக்கியமாக 16, 18 ஆகிய வகைகள், தங்கிப்போய்ப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் புற்றாக மாறும். ஆண்களுக்கும் தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆணுறுப்பிலும் புற்று வர இதே வைரஸ் காரணமாகலாம்.

அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் நமக்குள்ள அவகாசம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். 2000-இல் தொடங்கி அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்களே சோதித்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கச் செய்து, பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறு உள்ள இடம் வெளுத்துத் தெரியும். ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. சந்தேகமான இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். ஒரே ஒரு சுற்றுச் சோதனையில் இந்தப் புற்றுநோய்ச் சாவுகள் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது.

வழிகாட்டிய தமிழ்நாட்டிலேயே, 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. மனம் ஆறவில்லை.

"பிள்ளை பெற்று ஆபரேஷனும் ஆயாச்சு, இனி எனக்கென்ன" என்று இருந்துவிடாதீர்கள் அம்மா. இந்த நோய் அதிகம் பிடிப்பது அதற்குப் பிறகுதான். தீட்டு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்து நாளைக் கடத்தாதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் சோதனைக்குப் போங்கள். ஆரம்பத்தில் இந்த நோய் எந்த அறிகுறியும் காட்டாது.

கணவன்மார்களே, மகன்களே, "அவளே சொல்லட்டும்" என்று காத்திருக்காதீர்கள். நீங்களே பேச்செடுத்து, ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

9 முதல் 14 வயதுள்ள மகள் இருந்தால் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். புனேயில் தயாராகும் செர்வாவேக் 2023 முதல் கிடைக்கிறது. ஊசி போட்டவளும் முப்பது வயதானதும் சோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனைக்குக் காசு இல்லை. இந்த வாரமே போங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.