நட்டவரும் சீவியவரும்

நாட்டின் தொழிலை வளர்த்தலும், அதன் பெயரைப் பிறநாட்டார் அறியச் செய்தலும் அரசாங்க உத்தியோகஸ்தர்க்குரிய கடமைகளாம். அவற்றைச் செவ்வனே செய்தாரைப் போற்றுகின்றோம், அது முறையே. ஆனால், தொடங்கிய தொழிலின் புகழ் ஒருவரைச் சாருமாயின், அத்தொழிலில் உழன்றோரின் துயரும் அவரைச் சாருமோ? இவ்வினாவுக்குரிய சான்று நம் பேராக்கிலேயே, கோலா கங்சாரில், மரமாய் நிற்கின்றது.

1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுசென்ற ரப்பர் விதைகள் இலண்டனையடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது, பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் கோலா கங்சார்த் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றென மதிக்கப்படும் முதுமரத்தைக் காட்டி, 'இந்நாட்டு ரப்பரின் தாய்' என்று வருவோர்க்கு உரைக்கின்றனர்.

லோ சிறியவரல்லர். 1877 முதல் 1889 வரை அவர் ரெசிடெண்டாயிருந்த காலத்தே தைப்பிங் இரயில் ஓடிற்று. 1883 இறுதியோடு பேராக்கில் கடனடிமைத்தனம் ஒழிந்தது. கடனுக்காக மனிதனை மனிதன் உடைமையாக்கும் கொடுமையைக் கண்டு பொறாதவர் அவர். ஆயினும் அதே ஆண்டுகளில், கப்பற்செலவைக் கடனாகத் தலையிற் சுமந்து, ஒப்பந்தத்திற்குக் கைந்நாட்டிட்டு, நம்மவர் மலாய்க் கரையின் கரும்புத் தோட்டங்களிற் குனிந்து நின்றனர். ஒரு கடனைக் கண்ட கண்ணுக்கு மற்றொரு கடன் ஏன் புலப்படவில்லை? ஒப்பந்தக் கூலிமுறை இந்நாட்டில் ஒழிய 1910 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கங்காணி முறையோ 1938 வரை நீடித்தது.

ரப்பர் பெருந்தொழிலானது லோ நாடு திரும்பிய பின்னரே. பட்டையைப் பாழாக்காது நாள்தோறும் மெல்லச் சீவும் முறையைச் சிங்கப்பூரில் ரிட்லி கண்டார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் தோட்டம் போட்டார். பின்பு மோட்டார் வண்டி பெருகிற்று. ஆகவே லயத்துக் காய்ச்சலுக்கும் கங்காணியின் கணக்குக்கும் லோவைக் குற்றவாளியாக்குதல் நியாயமன்று. அங்ஙனமாயின் ரப்பரின் புகழை மட்டும் அவர்க்கு முழுதும் அளப்பதும் நியாயமன்று. படி ஒன்றாயிருத்தல் வேண்டும். (முளைவிட்ட பூமியையும் வெயிலையும் யாரும் புகழ்வதில்லை, அது வேறு கதை.)

நட்டவர் வருவதறியார். இன்று அம்மரத்தின் கதையை எழுதுபவரோ யாவும் அறிந்தவர். 1990-ஐ மலேசியாவுக்கு வருகைதரும் ஆண்டென அறிவித்தது முதல், நாட்டின் பெயரை உலகிற்கு எடுத்துரைத்தல் ஒரு பெருந்தொழிலாகவே ஆகிவிட்டது. ஆசியா முழுவதும் இங்கே என்னும் பொருள்பட 1999-இல் எழுந்த விளம்பரத்தில் நம் பெண்டிரின் ஆட்டமும் நம் பட்டாடையும் காட்டப்பெற்றன; நாம் மகிழ்ந்தோம். ஆடுங் காலைக் காட்டியவர் சீவுங் கையைக் காட்டினாரில்லை. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் வாளி சுமந்து, இந்நாட்டின் வருவாயை இரண்டு தலைமுறை தாங்கியோர் விளம்பரத்திற்கு அழகாயிரார் போலும்! அறியாமையால் விடுத்தல் வேறு, அழகின்மையால் விடுத்தல் வேறு. பின்னதற்கு உத்தியோகக் கட்டளை ஒரு சாக்காகாது. எதை எழுதுவது, எதை விடுவது என்பது பெரும்பாலும் எழுதுவோர் மேசையிலேயே முடிவாகின்றது.

தோட்டங்கள் பல செம்பனையாயின, சில வீட்டுமனையாயின. அங்கே மரஞ்சீவிய கைகள் சில இன்னும் உள்ளன. அவர்களைத் தேடிக் கேட்டெழுத ஓர் எழுத்தரும் சில மாதங்களும் போதும்.