ஆங்கிலத்தைச் சுற்றாத வழி

பிரான்சில் 2026 ஜனவரி 1 முதல் மொழித் தேர்வின் படிகள் உயர்ந்துவிட்டன. பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து ஆண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. 2024 ஜனவரியில் வந்த குடிவரவுச் சட்டத்தின் விளைவு இது. உணவகச் சமையலறையிலும் பாரிசின் லா ஷப்பெல் பகுதிக் கடைகளிலும் வேலை முடித்துவிட்டு மாலை வகுப்புக்கு வரும் தமிழர்களில் பலருக்கு, வேலையும் வாடகை வீடும் அந்த அட்டையை நம்பித்தான் இருக்கின்றன. அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருபவள் என்ற முறையில் நான் தொடர்ந்து பார்ப்பது இதுதான்: பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் உழைத்தால் வந்துவிடுகின்றன. ‘ஆ’, ‘து’, ‘ஆன்’, ‘தான்’, ‘ஷே’, ‘துப்யூய்’ என்ற சின்ன முன்னிடைச்சொற்களில்தான் கால் இடறுகிறது. இடறலில் ஒரு பகுதி பிரெஞ்சு மொழியே தருவது. மற்றது, ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சைப் படிப்பதால் வருவது.

பத்து ஆண்டுகளாகப் பாரிசில் இருப்பதைச் சொல்ல, ஒரு மாணவி வினையை இறந்த காலத்தில் வைத்து, பக்கத்தில் ‘பூர்’ போட்டு எழுதியிருந்தார். “இங்கிலிஷ் புத்தகத்தில ‘ஃபோர்’ எண்டு கிடக்கு ரீச்சர், அதால பூர் போட்டன்” என்றார். தமிழில் சொல்லச் சொன்னேன். “பத்து வருசமா பாரிசில இருக்கிறன்.” இருக்கிறேன் என்பது நிகழ்காலம். பிரெஞ்சும் இங்கே நிகழ்காலத்தைத்தான் கேட்கிறது, ‘துப்யூய்’ சேர்த்து. சரியான வாக்கியம் அவர் வாயிலேயே இருந்தது. நடுவில் புகுந்த ஆங்கிலம் அதைக் கலைத்துவிட்டது.

இதைச் சிறிய பிழை என்று என்னால் விட முடியவில்லை. புகலிட விண்ணப்பப் படிவத்தைப் பிரெஞ்சில்தான் நிரப்ப வேண்டும். நேர்காணலில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆனால் எழுதிக் கொடுத்தது எழுதியபடியே கோப்பில் இருக்கும். ‘பாந்தான்’ என்றால் இவ்வளவு காலம் நடந்தது, முடிந்தது. ‘துப்யூய்’ என்றால் அன்று தொடங்கியது இன்றும் தொடர்கிறது. தடுப்பு முகாமில் கழிந்த மாதங்களையும், அதற்குப் பின் இன்றுவரை தூக்கம் வராமல் கிடப்பதையும் அந்தத் தாளில் பிரித்துக் காட்டுபவை இந்த இரண்டு சொற்கள்தாம்.

இன்னொன்று. பிரெஞ்சில் ஒருவருக்குக் கொடுத்தாலும் ‘ஆ’, அவரிடமிருந்து கடன் வாங்கினாலும் ‘ஆ’. ஆங்கிலம் வழியாக வருபவர் இங்கே திகைத்து நிற்பார், கொடுப்பதும் வாங்குவதும் எதிர்த்திசைகள் ஆயிற்றே என்று. தமிழருக்கு இதில் திகைக்க எதுவுமில்லை. அவரிடம் கொடுத்தேன், அவரிடம் கடன் வாங்கினேன் என்று ஒரே ‘இடம்’ போட்டு நாம் காலமெல்லாம் பேசுகிறோம். தம்ளரில் தண்ணீர் குடிக்கிறோம். பிரெஞ்சுக்காரரும் தம்ளருக்கு ‘உள்ளே’ என்ற பொருள்பட ‘தான்’ போட்டுத்தான் குடிக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், டாக்டரிடம் போகிறோம். இடத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. பிரெஞ்சிலும் ஆஸ்பத்திரிக்கு ‘ஆ’, டாக்டருக்கு ‘ஷே’. வீட்டைக் குறித்த ‘காசா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த இந்த ‘ஷே’யை, முடிவெட்டுபவரிடம் போகும்போது பிரெஞ்சுக்காரர்களே மறந்து, ‘ஆ’வின் ஆண்பால் வடிவமான ‘ஓ’வைப் போட்டுத் திருத்தம் வாங்குவதுண்டு.

இந்த ஒற்றுமைகள் எல்லாமே தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. லத்தீனில் வேற்றுமை பெயர்ச்சொல்லின் ஈற்றில் ஏறும், தமிழில் ஐ, ஆல், கு ஏறுவதுபோல. பேச்சில் அந்த ஈறுகள் தேய்ந்தன. பழைய பிரெஞ்சில் இரண்டு வேற்றுமைகள் மட்டும் மிஞ்சின. இடைக்காலத்தின் கடைசியில் அவையும் போயின. அவை செய்த வேலையெல்லாம் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘ஆ’, ‘து’ போன்றவற்றின் தலையில் விழுந்தது. ஒரே ‘ஆ’ பாரிசுக்கு, பாரிசில், அவரிடம் என்ற மூன்றுக்கும் நிற்பது இதனால்தான். உருபோடு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. ‘ரெண்டு மணி நேரத்தில் வருவேன்’ என்றால் இரண்டு மணி நேரம் கழித்தா, இரண்டு மணி நேரத்துக்குள்ளா? நமக்கு ஒரே ‘இல்’ போதும். பிரெஞ்சில் கழித்து என்றால் ‘தான்’; ஒரு வேலையை முடிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும் என்றால் ‘ஆன்’. நாடுகளின் பெயர்களிலும் நம் மொழி உதவாது. இந்தியா பெண்பால், அதனால் ‘ஆன்’. இலங்கை ஆண்பால், அதனால் ‘ஓ’. ஈரான் ஆண்பாலாக இருந்தும் உயிரொலியில் தொடங்குவதால் ‘ஆன்’. மொரிஷியசுக்கு ‘ஆ’. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

முஸ்ஸே, துப்புயி என்ற இரு பாதிரிமார் 1855-இலும் 1862-இலும் புதுச்சேரியில் தமிழ் – பிரெஞ்சு அகராதியை இரண்டு பாகங்களாகக் கொண்டுவந்தார்கள். இரு மொழிகளும் நேருக்கு நேர் நின்ற காலம் அது. பின்னால் நாம் நடுவில் ஆங்கிலத்தை உட்கார வைத்தோம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகளும் அப்படித்தான் கோடிட்ட இடத்தை நிரப்புகிறார்கள். அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஆங்கிலமே அரைகுறையாகத் தெரிந்த ஒருவர், வதிவிட அட்டைக்காக அந்த இரண்டாவது மொழியையும் தாண்டிப் போக வேண்டியிருப்பது அநியாயம். வேற்றுமை உருபிலிருந்து தொடங்கி முன்னிடைச்சொல்லுக்கு வரும் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தமிழில் எழுத, இரு மொழியும் தெரிந்த ஆசிரியர்கள் புதுச்சேரியிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். அவர்கள் முன்வர வேண்டும். அதுவரை என் வகுப்பில் நோட்டின் இடப்பக்கம் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் பிரெஞ்சு என்று எழுதச் சொல்கிறேன். உருபுக்கும் முன்னிடைக்கும் அடியில் சிவப்பில் கோடு.